தொன் போஸ்கோவோடு தங்கியவர்கள்

மறைக்கல்வி ஆசிரியர்கள், இளையோர் இயக்க வழிகாட்டிகள், பீடச்சிறுவர்களைப் பயிற்றுவிப்பவர்கள் எனப் பலர் நம் பங்குகளில் ஊதியமின்றி உழைக்கின்றனர். ஆர்வத்தோடு வருபவர்களுள் சிலர் ஓராண்டிலேயே ஒதுங்கிவிட, வேறு சிலர் ஆண்டுகள் பல கடந்தும் அசையாமல் நிற்பதை நாம் காண்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியோடு புனித தொன் போஸ்கோவின் வாழ்வை நாம் அணுகிப் பார்ப்போம்.

1815 ஆகஸ்டு 16 அன்று, வட இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இரண்டாவது வயதில் தந்தையை இழந்த அவரைத் தாய் மார்கரீத் வளர்த்தார். 1841-இல் குருவானார். கொத்து வேலைக்கும் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் கிராமங்களிலிருந்து தூரின் நகருக்கு வந்து, கவனிப்பாரற்றுத் திரிந்த சிறுவர்களை ஞாயிறுதோறும் கூட்டி, விளையாட்டும் மறைக்கல்வியும் தந்தார். கூச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் விரட்ட, இடம் மாறி மாறி, 1846 உயிர்ப்புப் பெருவிழாவன்று வால்தோக்கோவில் ஒரு கொட்டகையில் அக்கூட்டம் நிலைபெற்றது.

அவருக்கு உதவியாளர்கள் இல்லாமல் இல்லை. அருள்தந்தை போரெல் போன்ற குருக்களும், நல்ல மனம் படைத்த பொதுநிலையினரும் ஞாயிறுதோறும் வந்தனர். ஆனால் 1848-இல் இத்தாலியில் அரசியல் கொந்தளிப்பும் போரும் எழுந்தபோது, உதவியாளர்களுள் சிலர் சிறுவர்களை ஊர்வலங்களுக்கு அழைத்துச் செல்ல விரும்பினர். தொன் போஸ்கோ இசையவில்லை. பலர் விலகினர், வளர்ந்த சிறுவர்கள் சிலரையும் உடன் அழைத்துச் சென்றனர். சில காலம் ஏறக்குறையத் தனியாகவே அவர் அத்தனை சிறுவர்களையும் சமாளித்தார். விலகியவர்களைத் தீயவர்கள் என்று நாம் சொல்லக் கூடாது. அவர்களது ஆர்வம் உண்மையானதே; ஆனால் அது சிறுவர்கள்மீது வேரூன்றியிருக்கவில்லை.

இரவுப் பள்ளி தொடங்கிய நாள்களிலேயே அவர் வேறொரு வழியைக் கண்டிருந்தார். சில சிறுவர்களுக்கு மொழியும் கணக்கும் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் மற்றவர்களுக்கு மறைக்கல்வியும் பாடமும் சொல்லித்தர வேண்டும். 1848-க்குப் பின் இவ்வழியையே உறுதியாகப் பற்றிக்கொண்டார். தொண்டரை வெளியே தேடாமல், பெற்றுக்கொண்டவனையே கொடுப்பவனாக்கினார். அவன் விளையாடும் திடலில் அவரும் ஓடினார்; அவன் உண்ட உணவையே அவரும் உண்டார். 1854-இல் தூரினில் காலரா பரவியபோது, நோயாளிகளைக் கவனிக்கச் சிறுவர்களே முன்வந்தனர்: முதலில் பதினான்கு பேர், பின் ஏறக்குறைய முப்பது பேர். ஒருவரையும் அந்நோய் தொடவில்லை.

இருப்பினும் சோர்வு யாரையும் விடுவதில்லை. மகனுக்காகத் தன் அமைதியான வீட்டை விட்டு 1846-இல் வால்தோக்கோ வந்த தாய் மார்கரீத்தின் காய்கறித் தோட்டத்தை, போர் விளையாட்டு ஆடிய சிறுவர்கள் ஒரு நாள் மிதித்து அழித்தனர். கிழிந்த துணிகள், காணாமற்போன பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து அவரை வாட்ட, ஊருக்கே திரும்புவதாக மகனிடம் சொன்னார். தொன் போஸ்கோ வாதாடவில்லை, புகழவுமில்லை. சுவரிலிருந்த சிலுவையைச் சுட்டிக்காட்டினார். 1856-இல் இறக்கும்வரை அத்தாய் அங்கேயே இருந்தார். பெற்ற தாய்க்கே அலுப்பு வந்ததென்றால், நம் தொண்டர்களின் முணுமுணுப்பைக் கேட்டு நாம் ஏன் திடுக்கிட வேண்டும்?

1859 டிசம்பர் 18 அன்று தொன் போஸ்கோவின் அறையில் சலேசிய சபை உருவானது. கூடியிருந்த பதினெட்டுப் பேருள் பெரும்பாலோர் அவரது கையில் வளர்ந்த இளைஞர்கள். அவர்களுள் ஒருவர் மிக்கேல் ருவா. தந்தையை இழந்த சிறுவனாக அவர் இருந்தபோது, தொன் போஸ்கோ தம் உள்ளங்கையை வெட்டிப் பாதியைத் தருவதுபோல் சைகை காட்டினாராம். அன்று சிறுவனுக்கு அது விளங்கவில்லை. இருவரும் எல்லாவற்றிலும் சரிபாதி என்பதே அதன் பொருள் எனப் பின்னாளில் அறிந்தார். 1888 ஜனவரி 31 அன்று தொன் போஸ்கோ இறந்ததும் சபையின் தலைமையை ஏற்று, 1910-இல் தாம் இறக்கும்வரை சுமந்தார். 1906-இல் முதல் சலேசியர்கள் நம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தது அவருடைய காலத்தில்தான்.