சின்ன எஞ்சினை நம்பிய கரிவர்தன்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். பந்தய நாளில் அங்கே இறங்கியதும் ஓர் ஒலி காதில் விழும். ஆயிரம் வண்டுகள் ஒன்றாகக் கூடி ரீங்காரம் செய்வது போல இருக்கும். வண்டு அல்ல, பந்தயக் கார்கள்!

அந்தத் திடலில் பல ஆண்டுகள் பறந்த குட்டிக் கார்களைப் படைத்தவர் ஒரு தமிழர். கோயமுத்தூர்க்காரர். பெயர் சுந்தரம் கரிவர்தன். மோட்டார் பந்தய உலகில் அவரை 'கரி' என்றே அழைத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியதுமே அவர் மறைந்துவிட்டார்.

அவருடைய கதையைச் சொல்லுமுன் ஒரு வாலிபர் சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பயில்வானும் சடுகுடுக்காரனும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடையானாலும் சரி, ஆவடி ரயில் நிலையமானாலும் சரி, கார்ப் பைத்தியம் பிடித்த வாலிபர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வாதம் கிளம்பும். அமெரிக்கக் கார் உசத்தியா, ஜப்பான் கார் உசத்தியா?

அமெரிக்கக் கார் என்று அவர்கள் சொல்வது 'மஸில் கார்'. நாம் 'பயில்வான் கார்' என்று வைத்துக்கொள்ளலாம். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அதற்கு நல்ல உதாரணம். எட்டு சிலிண்டர், ஏறத்தாழ 6,400 சி.சி.; 325 குதிரைத் திறன். நம் ஊர் மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி. தான். அப்படி எட்டு எஞ்சின்களை ஒன்றாகக் கட்டினால்தான் அந்த ஒரே எஞ்சினின் அளவு வரும்! பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பயில்வானின் கொட்டம் அடங்கியது.

ஜப்பான் கார் வேறு ஜாதி. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்ப்ரெஸா இரண்டும் 1992-ல் வந்தவை. எஞ்சின் 2,000 சி.சி. அளவுதான். ஆனால் திறனோ ஏறத்தாழ 240 குதிரை! எப்படி? 'டர்போ' என்ற சாதனத்தால்.

கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். காற்றை ஊத ஊதத் தீ கொழுந்துவிட்டு எரியும். டர்போவும் ஒரு துருத்திதான். அதை இயக்க ஆள் வேண்டாம். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதனோடு சேர்ந்து சுழலும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். திறன் பெருகுகிறது. அந்தத் திறன் நான்கு சக்கரங்களுக்கும் போவதால் சேற்றிலும் மணலிலும் கார் வழுக்காமல் பிடித்துக்கொண்டு ஓடும்.

நேர் சாலையில் பயில்வான் சீறுவான். வளைவும் மண்ணும் மழையும் வந்துவிட்டால் சடுகுடுக்காரன் முந்திவிடுவான். என்னைக் கேட்டால், நம் ஊர்ச் சாலைகளுக்குச் சடுகுடுக்காரன் கட்சிதான்! ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் பக்கத்தில் 1998 முதல் பல ஆண்டுகள் லான்சர் கார் தயாரானதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அது டர்போ இல்லாத சாதுவான குடும்பக் கார்.

பயில்வானோ சடுகுடுக்காரனோ, வாங்கப் பெட்டி நிறையப் பணம் வேண்டும். பணம் இல்லாத வாலிபன் என்ன செய்வான்? வேகத்தில் ஆசை அவனுக்கும் உண்டே. கரிவர்தன் யோசித்தது அவனைப் பற்றித்தான்.

ஆலை வீட்டுப் பிள்ளை

கரிவர்தன் 1954-ல் பிறந்தவர். கோவை லட்சுமி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணத்துக்குக் குறைவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். அவரோ எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு மோட்டார்ப் பட்டறையில் நின்றார்.

அந்த நாளில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில் செங்குன்றத்துக்கு அப்பால் உள்ளது. இரண்டாவது உலக யுத்த காலத்து ஆகாய விமான ஓடுதளம் அது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. பந்தயத்தன்று ஜனங்கள் பல்லாயிரக் கணக்கில் திரண்டு வெயிலில் காய்ந்தபடி நிற்பார்கள்.

ஓடுதளம் ஆயிற்றே! நீண்ட நேர் பாதை. பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். ராஜ குடும்பத்தாரும் பெரிய தொழில் அதிபர்களும் சீமையிலிருந்து பந்தயக் கார்களை வரவழைத்தார்கள். 1980-களில் 'ஃபார்முலா ஒன்' காரே ஒன்று சோழவரத்தில் ஓடியது.

மற்றவர்கள்? பழைய பியட்டையும் அம்பாசடரையும் ஹெரால்டையும் பிரித்து, கனமான பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினைச் சீண்டிவிட்டு ஓட்டினார்கள். வெளிநாட்டுக் காருக்கு வரி மலை போல் இருந்த காலம் அது. சீமைக் காரோடு ஒரு பியட் மோதினால் முடிவு என்ன என்பதைப் பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும்.

கரிவர்தனும் சோழவரத்தில் காரோட்டியவர். சீமைக் கார் வாங்கும் வசதியும் உள்ளவர். ஆனாலும் இந்த நிலைமை அவர் மனசை உறுத்தியது. ஓட்டுகிறவனுடைய கெட்டிக்காரத்தனம் தோற்று, அப்பன் வீட்டுப் பணம் ஜெயித்தால் அது என்ன பந்தயம்?

மாருதி பிறந்தது

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சின். நாற்பது குதிரைத் திறன்கூட இல்லை. மளிகை வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஏற்ற கார் என்று ஊரார் நினைத்தார்கள்.

கரிவர்தன் அதில் ஒரு பந்தயக் காரைக் கண்டார்!

அவர் கண்ட கணக்கு எளிமையானது. வேகத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குதிரைத் திறனைக் கூட்டுவது. அமெரிக்கர்கள் எஞ்சினைப் பெருக்கிக் கூட்டினார்கள். ஜப்பானியர் டர்போவால் கூட்டினார்கள். இரண்டாவது வழி, சுமையைக் குறைப்பது. அதற்கு அவ்வளவு பணம் வேண்டாம், மூளை போதும். மூட்டை சுமக்கிற தொழிலாளியைக் கேட்டாலே இந்த ரகசியத்தைச் சொல்லிவிடுவார்.

கோவையில் அவருடைய 'சூப்பர் ஸ்பீட்ஸ்' பட்டறையில் வேலை நடந்தது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு செய்தார்கள். அதன்மேல் கண்ணாடி இழையால் ஆன மெல்லிய உடல். ஒருவர் மட்டும், கிட்டத்தட்டப் படுத்த வாக்கில், உட்காரலாம். கதவு கிடையாது. கூரை கிடையாது. மாருதி காரில் முன்னால் இருக்கும் எஞ்சின் இதில் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பின் சக்கரங்களை அது உந்தித் தள்ளியது. மளிகைக் கடைக்குப் போன அதே எஞ்சின் இந்தக் கூட்டுக்குள் அமர்ந்ததும் துள்ளிக் குதித்தது. தரையை ஒட்டியே பறக்கிற வண்டி ஆதலால், அதில் உட்கார்ந்தவனுக்கு உண்மையான வேகத்தைவிட இரண்டு பங்கு வேகம் போலத் தோன்றும்.

1980-களின் பிற்பகுதியில் பந்தயத்துக்கு வந்த இந்தக் காருக்கு 'ஃபார்முலா மாருதி' என்று பெயர்.

இதிலே பெரிய விசேஷம் என்னவென்றால், எல்லாருக்கும் ஒரே விதமான கார்! ஒரே எஞ்சின்! உடைந்தால் உதிரிப் பாகம் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். இனி ஜெயிக்க வேண்டுமானால் வளைவில் எங்கே பிரேக் போடுவது, எங்கே திருப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்பன் வீட்டுப் பணம் அதைச் சொல்லித் தராது.

1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் திடல் திறக்கப்பட்டது. சோழவரம் போல ஓடுதளம் அல்ல இது. பந்தயத்துக்கென்றே போட்ட, வளைவுகள் நிறைந்த பாதை. கரிவர்தனின் இலேசான கார்களுக்கு ஏற்ற இடம்.

அங்கே வந்த வாலிபர்களில் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தை தென்னிந்திய ராலி பந்தயத்தை ஏழு முறை வென்றவர். நரேன் தம் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். அதிலேயே பரிசு மேடை ஏறினார். பிறகு பிரான்ஸில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1993-லும் இந்தக் காரை ஓட்டினார்.

ஆகாயத்தில் முடிந்த கதை

கரிவர்தனுக்குத் தரையில் ஓடுவது மட்டும் போதவில்லை. ஆகாயத்திலும் ஆசை வைத்தார். 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் உயிரிழந்தார். வயது 41.

பந்தயக் காரர்களின் வீடுகளில் பயம் எப்போதும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். மணிக்கணக்கில் பந்தயத் திடலில் காரோட்டியவரைத் தரையின் வேகம் ஒன்றும் செய்யவில்லை, வானம் கொண்டுபோய்விட்டது. கோவை கலங்கியது. அவரை நம்பிப் பந்தயத்துக்கு வந்த வாலிபர்கள் தங்கள் அண்ணனை இழந்ததைப் போலத் திகைத்து நின்றார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காரோட்டினார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு அமெரிக்காவில் நான்காவதாக வந்து புள்ளிகளும் பெற்றார். அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் புள்ளி புள்ளிதான்!

கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் ஒரு பந்தயத் திடல் எழுந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

இருங்காட்டுக்கோட்டையிலோ, அவர் போன பிறகும் பல ஆண்டுகள் ஃபார்முலா மாருதிக் கார்கள் ஓடின. மூன்று சிலிண்டர் எஞ்சின்களின் அந்த வண்டு ரீங்காரம் பந்தய நாட்களில் பெங்களூர் சாலை வரை கேட்டுக்கொண்டிருந்தது.