டி.வி.எஸ். ஐயாவும் ஒரு பட்டனும்

டி.வி.எஸ். என்றதும் நமக்கு மொபெட்தான் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். சுந்தரம் ஐயங்கார், 1877-ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பக்கம் திருக்குறுங்குடியில் பிறந்தார். வக்கீல், ரயில்வே, பேங்க் என்று வேலை பார்த்துவிட்டு எல்லாத்தையும் விட்டார். 1911-இல் கம்பெனி தொடங்கி, 1912-இல் பஸ் விட்டார். பிறகு மதுரைதான் அவருக்கு ஊர்.

அப்போ ரோடு பூரா மாட்டுவண்டி. மாட்டு லாடத்து ஆணி கழண்டு ரோட்டில் கிடக்கும். டயர் ஏறினா பஞ்சர். இவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார்! அவர் பஸ்ஸைப் பார்த்து கடிகாரத்தில் மணி திருத்துவாங்களாம். (நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நம்பி அப்படிச் செய்ய முடியாது.) இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓட ஒரு கருவியும் செய்தார்.

எனக்குப் பிடித்தது வேறு. அவர் மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்திலேயே அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தார். காந்திகிராமத்தை உருவாக்கியது அந்த அம்மாதான்.

ஐயா 1955-இல் இறந்தார். 1962-இல் அவர் குடும்பத்தார் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதன் வார்ப்பாலை நம்ம மாவட்டத்துச் சோளிங்கரில் இருக்கு.

பிரேக் என்றால் வண்டியை நிறுத்த மட்டும்னு நினைச்சேன். எங்க மாமா கார் டிரைவர். அவர் ஓட்டும் காரில், வழுக்குகிற கார் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கு. ஒவ்வொரு சக்கரத்திலும் வேகம் பார்க்கும் சென்சார் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுத்தினால், கம்ப்யூட்டர் அதுக்கு மட்டும் பிரேக் போடும், இன்ஜின் சக்தியையும் குறைக்கும். வளைவில் கார் தடம் மாறி இழுத்தாலும், தேவையான சக்கரத்தைப் பிடித்து நேராக்கும். டிரைவர் பிரேக்கை மிதிக்கவே வேண்டாம்.

போன மாசம் பாலாற்று மணலில் கார் மாட்டிக்கிச்சு. மாமா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் வழுக்குதுன்னு கம்ப்யூட்டர் சக்தியைக் குறைச்சுக்கிட்டே இருந்துச்சு. கார் நகரவே இல்லை. இருட்டிடுச்சு, தங்கச்சி அழுதாள். அப்புறம் மாமா அந்தப் பட்டனை அமுக்கினார். மீட்டர் பக்கம் மஞ்சள் விளக்கு எரிஞ்சுது, கட்டுப்பாடு நின்னுடுச்சு. சக்கரம் நல்லா சுத்தி, மணலை வாரி எறிஞ்சு, கார் கரை ஏறிச்சு.

தார் ரோட்டுக்கு வந்ததும் மாமா முதல் வேலையாக மறுபடி பட்டனை அமுக்கி விளக்கை அணைத்தார். வாலாஜா வரைக்கும் மழை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி