லிண்ட்லி மர்ரே

ஆங்கிலம் பயில்வோர்க்குப் பெருந்தொல்லை தருவது அம்மொழியின் வினைக்காலமே என்பதை நம் மாணவர் எவரும் மறுக்கார். நாளை வருகிறேன் என்று சொன்னான் எனத் தமிழில் தயக்கமின்றிக் கூறுகிறோம். சொன்னவன் சொல் அவன் வாயிற் பிறந்தபடியே நிற்க, என்று என்னும் ஒரு சொல் அதனைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலமோ அங்ஙனம் விடுவதில்லை. சொன்னான் என்பது இறந்தகாலமாயின், சொல்லப்பட்ட வினையும் பெரும்பாலும் பின்னோக்கி நகரவேண்டும். நாளை என்பதும் மறுநாளாக மாறவேண்டும். வினைகள் காலத்தால் ஒன்றோடொன்று இசையவேண்டும் என்னும் நெறியை இரு கண்டத்துப் பள்ளிகளிலும் பரப்பியவருள் தலையாயவர் லிண்ட்லி மர்ரே.

அவர் 1745ஆம் ஆண்டில், அக்காலத்து ஆங்கிலக் குடியேற்ற நாடாகிய பென்சில்வேனியாவிற் பிறந்தார். தந்தையார் குவேக்கர் சமயத்தவர், நியூயார்க்கிற் பெருவணிகர், கண்டிப்புமிக்கவர். ஒருமுறை அத்தண்டனை பொறாத மைந்தர் வீட்டைவிட்டு ஓடி, பர்லிங்டன் நகரத்து விடுதிப்பள்ளியொன்றில் தாமே சேர்ந்தார். பின்னர், வாணிகம் வேண்டாம், சட்டமே கற்பேன் என்பதற்குரிய காரணங்களை எழுத்தில் வகுத்துத் தந்தையின் மனத்தை மாற்றினார். உடன் சட்டம் பயின்றவர் ஜான் ஜே. அவரே பிற்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் தலைமை நீதிபதி. மர்ரே வழக்கறிஞராகவும், பின் வணிகராகவும் விளங்கிப் போதிய பொருள் ஈட்டினார்.

அந்நிலையில் உடல் தளர்ந்தது. தசைகள் வலியிழந்தன, நடப்பதே அரிதாயிற்று. குளிர்ந்த நாடு நலம் தரும் என்னும் நம்பிக்கையுடன் 1784இல் மனைவியார் ஹன்னாவோடு இங்கிலாந்து சேர்ந்து, யார்க் நகரையடுத்த ஹோல்கேட்டில் வீடு கொண்டார். நலம் வரவில்லை, பிறந்த நாட்டிற்கும் அவர் மீளவில்லை. அருகிலிருந்த குவேக்கர் பெண்பள்ளியின் ஆசிரியைகள், தம் மாணவிகட்கு ஏற்ற இலக்கணம் இல்லையென்று அவரை வேண்டினர். அதன் பயனே 1795இல் வெளிவந்த ஆங்கில இலக்கணம். 1797இல் பயிற்சிநூலும் அதற்குரிய விடைநூலும் தொடர்ந்தன. நூலாற் கிடைத்த ஊதியத்தை அறச்செயல்களுக்கே அளித்தார்.

இந்நூல் புதுக்கண்டுபிடிப்பன்று. லௌத், பிரீஸ்ட்லி முதலியோரிடம் தொகுத்ததே என்பதை ஆசிரியரும் மறைக்கவில்லை. 1761இல் பிரீஸ்ட்லி ஆங்கிலத்திற்கு உருவத்தால் இரண்டே காலம் என்றார். மர்ரே இலத்தீன் முறையையொட்டி ஆறு காலம் கொண்டார். இதில் இக்கால மொழிநூலார் பிரீஸ்ட்லியின் பக்கமே, நாமும் அப்பக்கமே. ஆயினும் அக்காலங்களை ஆளும் முறையை விளக்குமிடத்து மர்ரேயின் நூல் பொன்போன்றது. சென்ற வாரம் எழுத எண்ணினேன் என்பதே சரி. எழுதியிருக்க எண்ணினேன் என்பது பிழை, ஏனெனில் எண்ணியபொழுது எழுதுதல் இன்னும் நிகழாதது. யோபுவின் புகழ்பெற்ற சொல்லிலும், கொடுத்தது நெடுநாட்கு முன் முடிந்தமையால் தனி இறந்தகாலம் பெறுகிறது. எடுத்துக்கொண்டது இப்பொழுதைத் தொடுவதால் வேறு காலம் பெறுகிறது. சிசெரோவின் சொற்பொழிவுகள் இன்றும் உள; ஆதலால் அவர் அவற்றை எழுதியிருக்கிறார் எனலாம். அவர் பாடல்கள் மறைந்தன என்பதால் எழுதினார் என்றே சொல்லவேண்டுமாம். இவ்விதிப்படி, நூல்கள் அழியாத மர்ரேயையும் எழுதியிருக்கிறார் என்றே நாம் கூறவேண்டும்! நேற்று என்னும் சொல்லோடு இக்காலத்தை இணைத்து எழுதும் நம் மாணவர் இப்பகுதியை ஒருமுறையேனும் படிப்பாராக. சாட்சியின் சொல்லில் முன்பின் பிறழாது நோக்கும் வழக்கறிஞர் பழக்கமே இந்நுட்பத்திற்குத் துணைசெய்தது போலும்.

நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. பொருளறியாது விதிகளை ஒப்புவிக்கச் செய்த பள்ளிகளால் மர்ரேயின் பெயர் சிறுவர்க்கு அச்சமூட்டியதும் உண்டு. டிக்கன்ஸ் தம் பழம்பொருட் கடை நாவலில், மெழுகுப் பதுமைக் காட்சிக்காரி ஒருத்தி, பெண்பள்ளியார் வருகைக்கென விதூஷகனின் பதுமையையே மாற்றி, இலக்கணம் எழுதும் மர்ரேயாகக் காட்டியதாக நகையாடுகிறார்.

இறுதி ஆண்டுகளில் மர்ரே வீட்டைவிட்டு வெளியேற இயலாதிருந்தார். நூலின் பதிப்புகளைத் திருத்துவது மட்டும் நெடுங்காலம் நிற்கவில்லை. 1826ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், எண்பதாம் வயதில், ஹோல்கேட்டிலேயே உயிர்நீத்தார். அவர் தோட்டத்திலிருந்த சிறு கோடைமனை பின்னர் யார்க் நகரத்து மவுண்ட் பெண்பள்ளியின் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது.