தமிழவேள் கோ. சாரங்கபாணி

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் இருக்கிறது. செய்திகளைத் தரத் தமிழ் நாளிதழ் ஒன்றும் இருக்கிறது. இன்றைய மாணவர்களுக்கு இவையெல்லாம் இயல்பானவையாகத் தோன்றலாம். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு வாழ்ந்த தமிழர்களுள் பலர் இத்தீவைத் தங்கள் ஊராகக் கருதவில்லை. சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். அவர்கள் இம்மண்ணில் வேரூன்ற வேண்டும், தங்கள் மொழியோடு வேரூன்ற வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் கோ. சாரங்கபாணி.

திருவாரூரிலிருந்து சிங்கப்பூருக்கு

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலுள்ள திருவாரூரில் பிறந்தார். 1924ஆம் ஆண்டு, தமது 21ஆவது வயதில், கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். செட்டியார்களின் கிட்டங்கிகள் நிறைந்திருந்த தெரு அது.

அன்றைய சிங்கப்பூரில் தமிழர்கள் பல பிரிவினராக வாழ்ந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் நகராட்சியில் சாலை போட்டவர்களும் ஒருபுறம் இருந்தனர். தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் வாழ்ந்தனர். அலுவலகங்களில் இலங்கைத் தமிழர்கள் எழுத்தர்களாகப் பணியாற்றினர். சிராங்கூன் சாலையைச் சுற்றி மாட்டுக்கொட்டகைகளில் வேலை செய்தவர்கள் இருந்தனர். இவர்கள் எல்லாரும் பேசியது தமிழ்தான். ஆயினும், சாதியும் சமயமும் சொந்த ஊரும் அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் கள்ளுக்கடையில் இழந்தவர்களும் பலர். இந்த நிலை இளைஞர் சாரங்கபாணியைச் சிந்திக்க வைத்தது.

சீர்திருத்தப் பணி

1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை அளித்தார். சாதி வேறுபாடு கூடாது, பெண்களுக்குக் கல்வி வேண்டும், மூடநம்பிக்கைகளைக் கைவிட வேண்டும் என்னும் கருத்துகள் இங்குள்ள தமிழர்களிடையே பரவின. 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முன்னணிச் செயல்வீரர்களுள் ஒருவராகச் சாரங்கபாணி விளங்கினார்.

அவர் தம் கொள்கைகளை மேடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சொந்த வாழ்விலும் கடைப்பிடித்தார். சீனப் பெரனாக்கான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணை அவர் மணந்துகொண்டார். சாதி மாறித் திருமணம் செய்வதே அரிதாக இருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவாகும்.

தமிழ் முரசு பிறந்தது

கூட்டங்களில் பேசினால் கேட்பவர்கள் சில நூறு பேர்தான். கருத்துகள் எல்லா இடங்களுக்கும் செல்ல வேண்டுமானால் இதழ் ஒன்று தேவை என்பதைச் சாரங்கபாணி உணர்ந்திருந்தார். முன்னேற்றம் என்னும் இதழில் பணியாற்றிய அனுபவமும் அவருக்கு இருந்தது. 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு வார இதழாக வெளிவந்தது. சில ஆண்டுகளில் அது நாளிதழாக வளர்ந்தது.

தமிழ் முரசு மூன்று வகைகளில் மக்களுக்குப் பயன்பட்டது. முதலாவதாக, அது தாயகத்துச் செய்திகளையும் உள்ளூர்ச் செய்திகளையும் எளிய தமிழில் தந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அக்காலத்து வழக்கம். அதனால், ஒரு பிரதியின் செய்தி பலரைச் சென்றடைந்தது. இரண்டாவதாக, தொழிலாளர்களின் குறைகளை அது வெளியுலகிற்கு எடுத்துச் சொன்னது. மூன்றாவதாக, உள்ளூர் எழுத்தாளர்களின் கதை, கவிதை, கட்டுரைகளுக்கு இடம் கொடுத்தது. பின்னாளில் மாணவர்களுக்காக மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியும் தொடங்கப்பட்டது. அதில் எழுதிப் பழகிய இளையர்கள் பலர் பிற்காலத்தில் சிங்கப்பூரின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்தனர்.

இதழ் நடத்துவது எளிதான வேலையன்று. தாள், அச்சு, ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்கு ஓயாமல் பணம் தேவைப்பட்டது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது தமிழ் முரசு நின்றுபோயிற்று. போர் முடிந்ததும் சாரங்கபாணி அதை மீண்டும் தொடங்கினார். தமிழ் படிக்காத இந்தியர்களையும் மற்ற இனத்தவரையும் எட்டுவதற்காக இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் சில ஆண்டுகள் நடத்தினார்.

எல்லாருக்கும் ஒரு திருநாள்

தமிழர்கள் அனைவரும் ஒன்றுகூடிக் கொண்டாட ஒரு நாள் வேண்டும் என்று சாரங்கபாணி விரும்பினார். தீபாவளியை இந்துக்கள் கொண்டாடினர். நோன்புப் பெருநாளை முஸ்லிம்கள் கொண்டாடினர். கிறிஸ்துமஸைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடினர். மொழியால் ஒன்றாக இருந்தவர்களுக்குப் பொதுவான விழா இல்லை. தை முதல் நாளில் வரும் பொங்கல், உழைப்புக்கும் விளைச்சலுக்கும் நன்றி கூறும் நாள். புத்தரிசியும் வெல்லமும் கரும்பும் எந்த ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியவையல்ல. ஆகவே, அந்த நாளையொட்டித் தமிழர் திருநாளைக் கொண்டாடலாம் என்னும் கருத்து உருவானது.

1952ஆம் ஆண்டு தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. சாரங்கபாணி தலைமை வகித்த தமிழர் பிரதிநிதித்துவ சபை இதற்கு முன்னின்றது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு, நாடகம், இசை எனப் பல நிகழ்ச்சிகள் நடைபெற்றன. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகியோர் ஒரே மேடையில் தோன்றினர். சிங்கப்பூரில் மட்டுமன்றி மலாயாவின் பல நகரங்களிலும் தோட்டங்களிலும் தமிழர் திருநாள் பரவியது.

பல்கலைக்கழகத்தில் தமிழ்

அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கியது. அங்கு இந்திய இயல் துறையை அமைக்கும் முயற்சி 1950களில் தொடங்கியது. அத்துறையில் எந்த மொழிக்கு முதலிடம் தருவது என்னும் கேள்வி எழுந்தது. அறிவுரை கூற அழைக்கப்பட்ட வரலாற்றுப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். பழைய இந்தியாவை ஆராய்வதற்கு அம்மொழி அடிப்படையானது என்னும் நோக்கில் அப்பரிந்துரை அமைந்தது.

சாரங்கபாணி இதை ஏற்கவில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியர்களுள் பெரும்பான்மையினர் தமிழர்கள். அவர்களின் பிள்ளைகள் தங்கள் மொழியைப் பல்கலைக்கழகத்தில் கற்க முடியாமல் போனால், தமிழ் வீட்டோடும் தொடக்கப்பள்ளியோடும் நின்றுவிடும் என்று அவர் கவலைப்பட்டார். தமிழ் முரசு இதுபற்றித் தொடர்ந்து எழுதியது. பொதுமக்களும் ஆதரவு திரட்டினர். இறுதியில், 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய இயல் துறையில் தமிழ் இடம்பெற்றது.

துறை அமைந்தால் போதாது. மாணவர்கள் படிக்கத் தமிழ் நூல்கள் வேண்டும். அதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. செல்வந்தர்கள் மட்டுமல்லாமல் நாள்கூலி பெற்ற தொழிலாளர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தனர். தாங்கள் ஒருபோதும் நுழையாத பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்காக அவர்கள் கொடுத்த பணம் அது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவராகப் பணியாற்றினார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில்தான் நடைபெற்றது.

தங்குவதா, திரும்புவதா?

சாரங்கபாணியின் பணிகளுள் பலருடைய வாழ்க்கையை நேரடியாக மாற்றியது குடியுரிமை இயக்கமாகும். 1957ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் பிறந்து, இங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர்களும் பதிவுசெய்து குடிமக்களாக அதனால் வழி பிறந்தது.

ஆனால், தமிழர்கள் பலர் தயங்கினர். அவர்களின் மனைவி மக்கள் இந்தியாவில் இருந்தனர். வீடும் நிலமும் அங்கே இருந்தன. இங்கே குடிமகனானால் சொந்த ஊரோடு உள்ள உறவு அறுந்துவிடுமோ என்று அஞ்சினர். படிவங்களைப் படித்து நிரப்பவும் பலருக்குத் தெரியவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அக்காலத்தில் இந்தியர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தனர். அவர்களிலும் பலர் பதிவுசெய்யாமல் விட்டால், நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமையை அச்சமூகம் இழந்துவிடும். இதைச் சாரங்கபாணி தெளிவாக உணர்ந்தார்.

தமிழ் முரசு சட்டத்தின் விதிகளை எளிய தமிழில் விளக்கியது. பதிவுசெய்யுமாறு மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவவும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வாறு பதிவுசெய்தவர்களில் பலர், இரண்டு ஆண்டுகள் கழித்து நடைபெற்ற 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் குடிமக்களாக வாக்களித்தனர்.

இறுதிக் காலம்

சாரங்கபாணியின் பொதுவாழ்வில் சோதனைகளும் இருந்தன. 1960களின் தொடக்கத்தில் தமிழ் முரசின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிலாளர்களின் குரலாக விளங்கிய நாளிதழே தன் தொழிலாளர்களோடு உடன்பாடு காண முடியாமல் சில காலம் நின்றுபோயிற்று. அது அவருக்குப் பெரும் இழப்பு. இருப்பினும், அவர் மனம் தளராமல் இதழை மீண்டும் வெளிக்கொணர்ந்தார்.

அவருடைய தொண்டைப் போற்றித் தமிழ்மக்கள் அவரைத் தமிழவேள் என்னும் பட்டத்தால் அழைத்தனர். 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம், 70ஆவது வயதில், அவர் காலமானார். அவர் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது.

மொழியைக் காப்பது என்பது பழம்பெருமை பேசுவது மட்டுமன்று என்பதைச் சாரங்கபாணியின் வாழ்க்கை காட்டுகிறது. மொழிக்கு இதழ் வேண்டும், பள்ளி வேண்டும், நூலகம் வேண்டும், கூடி மகிழ ஒரு திருநாள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மொழியைப் பேசுவோர் தாம் வாழும் நாட்டைத் தமது நாடாக ஏற்க வேண்டும். கணக்கு எழுத வந்த இளைஞர் ஒருவர் இவை ஒவ்வொன்றுக்காகவும் ஐம்பது ஆண்டுகள் உழைத்தார். அவர் உழைப்பின் பயனைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் நுகர்ந்து வருகின்றனர்.