துண்டுகளை இணைத்துக் கதை சொன்னவர்: டி. டபிள்யூ. கிரிஃபித்

திரைப்படத்தில் ஒருவர் கதவைத் திறந்து ஓர் அறையினின்று வெளியேறுகிறார்; மறுகணம் அடுத்த அறையினுள் நுழைகிறார். இவ்விரு காட்சிகளும் வெவ்வேறு நாட்களில் படமாக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் நம் கண்ணுக்கு அஃது ஒரே நடையாகவே தோன்றுகிறது. இவ்வித்தையை ஒரு மொழியின் இலக்கணம்போல் ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் டேவிட் வார்க் கிரிஃபித்.

அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாநிலத்தில், 1875-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க முனைந்த தென் மாநிலங்களின் படையில் பணியாற்றியவர். பத்து வயதில் தந்தையை இழந்த கிரிஃபித் வறுமையில் வளர்ந்தார். நாடக நடிகராக ஊர் ஊராக அலைந்தார். படக் கம்பெனிக்குக் கதை விற்கச் சென்றவருக்கு நடிக்கும் வாய்ப்பே கிட்டியது. 1908-இல் நியூயார்க் நகரின் பயோகிராப் கம்பெனியில் டைரக்டரானார். 1913-க்குள் ஏறத்தாழ 450 சிறு படங்களை உருவாக்கினார். அவற்றுள் பலவற்றிற்கு ஒளிப்பதிவு செய்தவர் பில்லி பிட்சர்.

அந்நாளில் காமிரா, நாடகக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் ரசிகரைப்போல் பெரும்பாலும் ஓரிடத்திலேயே நின்றது. முகத்தை அருகிற் காட்டும் குளோஸப்பைப் பிறர் முன்னரே கையாண்டிருந்தனர். ஆனால், எப்பொழுது நெருங்குவது, எப்பொழுது விலகி நிற்பது, எக்கணத்தில் வெட்டுவது என்பவற்றைக் கதையின் தேவைக்கேற்ப முறைப்படுத்தியது கிரிஃபித்தின் அருஞ்செயலாகும். வலப்புறமாக வெளியேறியவர் அடுத்த துண்டில் இடப்புறமாகவே நுழைய வேண்டும். திசை மாறினால், அவர் திரும்பி வருவதாகக் காண்போர் மயங்குவர்.

1909-இல் வெளிவந்த 'தி லோன்லி வில்லா' என்னும் படத்தைப் பாருங்கள். தனித்த வீட்டில் தாயும் மூன்று பெண்மக்களும்; கதவை உடைக்கும் கள்வர்; தொலைபேசியில் செய்தியறிந்து விரைந்து வரும் தந்தை. இம்மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார் கிரிஃபித். தந்தை வந்து சேர்வாரா என்னும் பதைப்பு எந்தத் துண்டிலும் தனித்து இல்லை. துண்டுகளை இணைத்துக் காணும் நம் உள்ளத்திலேயே அது பிறக்கிறது.

இவ்வாற்றலே அவருக்குத் தீராப் பழியையும் தந்தது. 1915-இல் வெளிவந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்னும் நெடும் படத்தில், கறுப்பின மக்களை இழித்துக் காட்டி, அவர்களைக் கொடுமைப்படுத்திய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரை மீட்பர்களாகச் சித்திரித்தார். கள்வரிடமிருந்து குடும்பத்தைக் காத்த அதே உத்தி, இங்கே வெறுப்புக்குத் துணை நின்றது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தார் கிளர்ந்தெழுந்தனர். மறைந்திருந்த அக்கூட்டம் அவ்வாண்டிலேயே மீண்டும் தலைதூக்கியது. ஆள் சேர்க்க இப்படத்தையே பயன்படுத்தியது.

1916-இல் நான்கு காலங்களின் கதைகளைப் பின்னி 'இன்டாலரன்ஸ்' எடுத்தார். பெரும் பொருளிழப்பே கண்டார். 1931-க்குப் பின் படம் இயக்கும் வாய்ப்பு வரவில்லை. 1948 ஜூலை 23-இல் ஹாலிவுட்டில் மறைந்தார். அமெரிக்க டைரக்டர்கள் சங்கம் 1953-இல் அவர் பெயரால் நிறுவிய விருதிலிருந்து, 1999-இல் அப்பெயரை நீக்கிவிட்டது.

அவர் வகுத்த இலக்கணமோ நாம் காணும் படங்களில் இன்றும் வாழ்கிறது. குடும்பத்தோடு படம் காணும்போது, யாருக்காக நம் நெஞ்சு பதைக்கிறது, யாரை நம் கண் பகைக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அப்பதைப்பை ஊட்டியது கதையின் நியாயமா, கத்தரிக்கோலின் திறமா என்பதை நம் பிள்ளைகளும் அறிந்து வளரட்டும்.