மார்ஜரி போஸ்ட் அம்மையார்

இரத்தினங்களைச் சேர்த்த சீமாட்டிகளின் சரிதங்கள் பெரும்பாலும் மாளிகைகளில் தொடங்கும். நாம் இங்கே கூறப்புகும் மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் அம்மையாரின் சரிதமோ பசைக் கிண்ணத்தில் தொடங்குகின்றது. அமெரிக்க தேசத்தில் இல்லினாய் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் 1887-ஆம் வருஷம் மார்ச்சு 15-ஆம் தேதி பிறந்த இவ்வம்மையார், சி. டபிள்யூ. போஸ்ட் என்பாருக்கு ஏக புத்திரி. நெடுநாள் நோயால் நலிந்திருந்த போஸ்ட், மிச்சிகன் மாகாணத்துப் பாட்டில் கிரீக் என்னும் ஊரில் 1895-ல், தானியங்களை வறுத்துக் காப்பிக்குப் பதிலாக அருந்தும் 'போஸ்டம்' என்னும் பானத்தைச் செய்து விற்கலானார். அதன் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலையில் சிறுமி மார்ஜரிக்கும் பங்கு இருந்தது. பிதா அவளைத் தொழிற்சாலைக்கும் ஆலோசனைக் கூட்டங்களுக்கும் அழைத்துச் சென்று, கேட்டவற்றைப் பின்னர் வினாவி அறிவார். ஆண்பிள்ளை இல்லாத குறையால் இவ்வாறு செய்தார் என்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. வியாபாரம் இன்னதென்று அறியாதார் கையில் பொருள் நில்லாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1914-ல் பிதா காலமாகவே, 27 வயதுடைய அம்மையார் பெருஞ் சொத்துக்கு உரியவரானார். ஆயினும் கம்பெனியின் நிர்வாக சபையில் அவர் அமரவில்லை, ஆடவரே அமர்ந்தனர். பேர்ட்ஸ்ஐ என்பவர் உணவை விரைவில் உறையச் செய்து கெடாது காக்கும் முறையைக் கண்டபோது, அதனை வாங்குமாறு அம்மையார் வற்புறுத்தினார். 1929-ல் தான் அது நிறைவேறிற்று. கம்பெனியும் ஜெனரல் புட்ஸ் என்று பெயர் பெற்றது. 1936-ல் அவரும் டைரக்டரானார்.

அதே 1929-ல் பங்குச் சந்தை வீழ்ந்து, நியூயார்க் வீதிகளில் வேலையற்றோர் உணவுக்காக வரிசை வரிசையாய் நின்றனர். அம்மையார் தம் ஆபரணங்களைப் பாங்கியின் பெட்டகத்தில் இட்டுப் பூட்டினார். நகைகளை அணிந்து திரிந்தால் அவற்றுக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் மிகுதி. பூட்டி வைத்தால் குறைவு. அங்ஙனம் மிஞ்சிய தொகையைக்கொண்டு, சால்வேஷன் ஆர்மியார் நடத்திய அன்னசாலைக்கு உதவி, பசித்தோர்க்கு உணவளித்தார். நம் குடும்பங்களிலும் பெட்டியில் கிடக்கும் நகைகள் உண்டு. அவை பிறர்க்குச் சோறாதல் அரிது. இச்சரிதத்தில் நாம் பெரிதும் வியப்பது இதனையே.

அவர் துறவி அல்லர். பாம் பீச்சில் 1927-ல் முடித்த மாரலாகோ மாளிகையும், சீ கிளவுட் என்னும் பாய்மரக் கப்பலும், நான்கு விவாகங்களும் அவை நான்கும் விடுதலையில் முடிந்தமையும் மறைக்கத்தக்கன அல்ல. மூன்றாம் கணவரான டேவிஸ் 1937, 1938-ஆம் வருஷங்களில் சோவியத் தேசத்து அமெரிக்க ஸ்தானாபதியாயிருந்தபோது, உடன் சென்ற அம்மையார் பழைய ஜார்களின் பீங்கான்களையும் ஆலயப் பாத்திரங்களையும் விலைக்கு வாங்கினார். அரசாங்கத்தார் உரியவரிடம் பறித்து விற்ற பண்டங்கள் அவற்றுட் பல. வாங்கியது முறையோ என்னும் வினா நியாயமானதே. ஆயினும் உருக்கப்பட்டும் சிதறியும் ஒழிய இருந்தவற்றை அவர் ஒருசேரக் காத்தார் என்பதையும் உடன் நிறுத்தல் வேண்டும்.

முதுமையில் தம் இரத்தினங்களை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்கு அளிக்கலானார். 1962-ல் அளித்தது நெப்போலியன் சக்கரவர்த்தி 1811-ல் தம் புதல்வன் பிறந்த மகிழ்ச்சியில் தேவி மரீ லூயிஸுக்கு ஈந்த ஹாரம். அதில் வைரங்கள் 234. அக்காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் அறியப்படாமையால், அக்கற்கள் நம் தேசத்திலோ பிரேசிலிலோ பிறந்தனவாதல் வேண்டும். 1964-ல் 30.62 காரட் எடையுள்ள நீல இருதய வைரத்தை அளித்தார். 1971-ல் அளித்தது அத்தேவியின் கிரீடம். அதிலிருந்த மரகதங்கள் 79-ஐயும் முன்னரே வியாபாரிகள் பெயர்த்துத் தனித்தனியே விற்றுவிட்டமையால், அங்கே நீலப் பேரோஜாக் கற்கள் பதிக்கப்பெற்றுள்ளன. அரசிகளே அணிந்த இவற்றைக் காண அக்காட்சிசாலையில் கட்டணம் இல்லை. கூலிக்காரர் மகளும் கண்ணாடியருகே நின்று பார்க்கலாம்.

1973-ஆம் வருஷம் செப்டம்பர் 12-ஆம் தேதி, வாஷிங்டனில் ஹில்வுட் என்னும் தம் இல்லத்தில் அம்மையார் காலமானார். ருஷியப் பொருள்களோடு கூடிய அவ்வில்லம் அவர் விருப்பப்படியே 1977-ல் பொதுமக்கள் காணத் திறக்கப்பட்டது. அவர் அஸ்தி அங்குள்ள ரோஜாத் தோட்டத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது.