அன்னபூரணியைத் தாகிட்டிக்கு ஓட்டிய ஸ்டேர்லிங் ஹேடன்

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அமெரிக்கா போன கதை எங்களில் பலருக்குத் தெரியும். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அந்தப் பாய்க்கப்பலை மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கதையை வழக்கமாக அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அமெரிக்க உரிமையாளர் ரொபின்சன் தன் மனைவியின் பெயரைச் சூட்டி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆக்கிய அந்தக் கப்பல் அதன் பிறகு எங்கே போனது, யார் ஓட்டினார்கள் என்று கேட்பவர் குறைவு.

ஓட்டியவருக்கு அப்போது வயது 22. பெயர் ஸ்டேர்லிங் ஹேடன். 'கோட்பாதர்' படம் பார்த்தவர்கள் அவரைக் கண்டிருப்பார்கள். உணவகத்தில் சுடப்பட்டு விழும் அந்தப் பொலிஸ் கப்டன் அவர்தான்.

1916 மார்ச் 26இல் நியூ ஜேர்சியில் பிறந்தார். ஒன்பது வயதில் தகப்பன் இறந்துபோக, ஹேடன் என்ற பெயர் தாயின் மறுமணத்தால் வந்தது. 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனார். நியூபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள குளிர்க்கடலில் மீன் பிடித்தார். 'யாங்கி' என்ற பாய்க்கப்பலில் உலகைச் சுற்றினார். அதன் பிறகுதான் எங்கள் கப்பல் அவர் கைக்கு வந்தது. குளொஸ்டரிலிருந்து தாகிட்டி வரை 7,700 மைல்.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். தாகிட்டிக்கான பசுபிக் பாதையில் வியாபாரக் காற்று வாரக்கணக்காகப் பின்னாலிருந்தே வீசும். பின்காற்று என்றால் சுலபம் என்று கரையில் நிற்பவர் நினைப்பார். நீளவாக்கில் கட்டிய பெரிய பாயைப் பக்கவாட்டில் முழுக்கத் தள்ளி விரித்தால்தான் அது காற்றைப் பிடிக்கும். சுக்கான்காரன் ஒரு கணம் அசந்து காற்று மறுபக்கம் விழுந்தால், பாயின் அடிமரம் தளத்தைக் கடந்து மற்றப் பக்கம் வந்து அடிக்கும். ஆளைக் கடலில் தள்ளும், சிலவேளை பாய்மரத்தையே முறிக்கும். அதனால் அடிமரத்தை முன்பக்கமாக இழுத்து ஒரு கயிற்றால் கட்டிவைப்பார்கள். அந்தப் பெரிய பாய் முன்னாலுள்ள சிறுபாய்களின் காற்றையும் மறித்துவிடும். அவை தொய்ந்து தொங்கும்.

அன்னபூரணியின் முன்மரத்தில் குறுக்கே பருமல் கட்டி, சதுரப்பாய் ஏற்றுவார்கள். பின்காற்றுக்கு அதுதான் வாய்ப்பு. பருமலைக் கப்பலுக்கு நேர் குறுக்காக வைத்து, பாயின் இரு கீழ்மூலைகளையும் தாமான் கயிற்றால் இறுக்கினால் கப்பல் மூக்கால் இழுபட்டுப் போகும். பின்மரப் பாயைச் சுருக்கியோ இறக்கியோ விடலாம். சுக்கான் கையில் இலேசாக இருக்கும். பிறகு பெரிய வேலை, கயிறுகள் ஒரே இடத்தில் உரசித் தேயாமல் தினமும் இடம் மாற்றிக் கட்டுவது. வாடையையும் சோளகத்தையும் நம்பிப் பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் ஓடியவர்கள் இப்படியொரு கப்பலைக் கட்டியதில் வியப்பில்லை. பருவக்காற்றுக்கு வாய்த்த பாய் பசுபிக்கிலும் வாய்த்தது.

கடல் கொடுக்காத பணத்தை ஹொலிவூட் கொடுத்தது. 1940இல் பரமவுண்ட் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆறடி ஐந்து அங்குல உயரமும் பொன்னிறத் தலையுமாக இருந்தவரை விளம்பரப்படுத்துவது அவர்களுக்குக் கடினமாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் நடிப்பை விட்டு, ஜோன் ஹமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டு படையில் சேர்ந்தார். இத்தாலியக் கரையிலிருந்து அத்ரியாற்றிக் கடலைக் கடந்து, ஜேர்மனியரின் கடற்தடைக்குள்ளால் யூகோஸ்லாவியப் போராளிகளுக்குப் படகுகளில் பொருள் கொண்டுபோனார். நிலவில்லாத இரவில் அப்படிக் கடல் கடப்பது என்னவென்று கிளாலியால் போய்வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அமெரிக்கா அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கியது.

அந்தப் போராளிகளின் மீதான மதிப்பில் 1946இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். சில மாதங்களே இருந்தார். 1951 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை விசாரணைக்கு அழைத்தது. அங்கே தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவர்கள் தொழிலை இழந்த காலம் அது. ஹேடனுக்குப் படங்கள் தொடர்ந்து கிடைத்தன.

தலையாட்டிகளின் முன்னால் வரிசையில் நின்ற மக்கள் நாங்கள். ஆகவே இதை எளிதில் கடந்துபோக முடியாது. ஹேடனை யாரும் அடிக்கவில்லை, சாக்கும் போர்த்தவில்லை. அவர் அஞ்சியது தொழிலும் பிள்ளைகளும் கைவிட்டுப் போகும் என்பதற்கு. ஆனால் அவர் பிறகு சாக்குச் சொல்லவில்லை. 1963இல் வெளியான 'வோண்டரர்' என்ற தன்வரலாற்றில், செய்தது காட்டிக்கொடுப்பே என்று தன்னைத்தானே குற்றக் கூண்டில் ஏற்றினார். அப்படி எழுதியவர்கள் மிகக் குறைவு.

நூலின் பெயர் அவருடைய பாய்க்கப்பலின் பெயர்தான். மணமுறிவுக்குப் பின் 1959இல், நீதிமன்றம் தடுத்தும் கேளாமல், நான்கு பிள்ளைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்து தாகிட்டிக்குப் போய்விட்டார். அன்னபூரணியைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே தீவு. அந்தத் தாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வீரச்செயல் அல்ல.

'டொக்டர் ஸ்ட்ரேஞ்லவ்', 'கோட்பாதர்' எல்லாம் இதற்குப் பின் வந்தவை. நடிப்பை அவர் ஒருபோதும் பெரிதாக மதிக்கவில்லை. படகுக்குப் பணம் தேவைப்படும்போது நடித்தார். 1976இல் 'வொயேஜ்' என்ற கடல் நாவல் வெளிவந்தது. கடைசிக் காலங்களில் ஐரோப்பாவின் கால்வாய்களில் ஒரு தட்டைப் படகில் வாழ்ந்தார். 1986 மே 23இல் கலிபோர்னியாவின் சோசலிற்றோ என்ற கரையோர ஊரில் புற்றுநோயால் காலமானார்.